டெல்லிக் காற்றின் ஆறு நிறங்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் டெல்லியில் காலை எழுந்ததும் கைபேசியில் பலர் தேடுவது ஒரு நிறத்தை. ஆரஞ்சா, சிவப்பா, அடர்சிவப்பா? பிள்ளையை விளையாட விடலாமா, ஆஸ்துமா உள்ள அப்பா நடைப்பயிற்சிக்குப் போகலாமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

நாடு முழுவதற்குமான இந்த நிறங்கள் வந்தது 2014 அக்டோபரில். அதற்கு முன்பும் காற்றை அளந்தார்கள். ஆனால் கனமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற அட்டவணை யாருக்குப் புரியும்? 'ஒரு எண், ஒரு நிறம், ஒரு விளக்கம்' என்ற முழக்கத்தோடு வந்த காற்றுத் தரக் குறியீடு, எட்டு மாசுகளை 0 முதல் 500 வரையிலான ஒரே எண்ணாக்கி, பச்சை தொடங்கி அடர்சிவப்பு வரை ஆறு நிறங்களில் பிரித்தது. இதில் சராசரி கிடையாது. எந்த மாசு மிக மோசமோ, அதன் மதிப்பே அன்றைய எண். ஒரு பாடத்தில் தவறினாலும் தேர்ச்சி இல்லை என்பதைப் போல.

எண்களை நிறமாக்கிப் புரியவைப்பதைத்தான் செவிலியர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் 1858இல் செய்தார். கிரிமியப் போரில் காயத்தால் மாண்டவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் மாண்ட வீரர்களே அதிகம் என்பதை வண்ண வரைபடமாக்கி, ராணுவச் சுகாதாரத்தைச் சீர்திருத்த வாதாடினார்.

டெல்லியில் நிறம் அரசாணையாகவே மாறியது. 2017இல் அறிவிக்கப்பட்ட 'கிராப்' திட்டம், மாசு ஏற ஏறக் கட்டுப்பாடுகளையும் ஏற்றுகிறது. இப்போதைய விதிப்படி எண் 450ஐத் தாண்டினால் அத்தியாவசியப் பொருள் ஏற்றாத பழைய டீசல் லாரிகள் நகருக்குள் நுழைய முடியாது. 2024 நவம்பர் 18 அன்று எண் 494. அன்றே உச்ச நீதிமன்றம், 400ஐத் தாண்டிய பிறகும் கட்டுப்பாடுகளைக் கொண்டுவர ஏன் தாமதம் என்று அதிகாரிகளைக் கேட்டது. எண் எல்லோர் கண்ணிலும் பட்டதால், தாமதத்தை மறைக்க வழியில்லாமல் போனது.

ஆனாலும் இந்த அளவுகோல் போதுமானதல்ல. 24 மணி நேரச் சராசரியில் பி.எம். 2.5 நுண்துகள் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமது குறியீடோ 30 வரை பச்சை காட்டுகிறது. அதை இறுக்கியே ஆக வேண்டும்.

டெல்லிக்காரர்களுக்கு மட்டுமான விஷயமல்ல இது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் சென்னையின் மணலி, ஆலந்தூர் எண்களும் இருக்கின்றன. இன்று என்ன நிறம் என்று பாருங்கள்.