வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் துத்தநாக மாத்திரை எதற்கு?

ஆத்தூர், ராசிபுரம் பக்கங்களிலிருந்து வயிற்றுப்போக்குடன் வரும் குழந்தைகளின் தாய்மாரிடம் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் 14 நாள்களுக்கான துத்தநாக மாத்திரைகளையும் கொடுத்தனுப்புகிறோம். மறுமுறை அவர்கள் வரும்போது அட்டையில் பாதிக்கு மேல் மாத்திரைகள் அப்படியே இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். “மூணாம் நாளே நின்னுருச்சுங்க, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேனுங்க” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். நின்றுபோன நோய்க்கு மருந்து எதற்கு என்பது நியாயமான கேள்விதான். அதற்கான விடை, குடலின் உயிரணுக்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் இருக்கிறது.

சவ்வைக் காக்கும் உலோகம்

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் ஈரடுக்குக் கொழுப்பாலும் அதில் பதிந்த புரதங்களாலும் ஆன சவ்வு சூழ்ந்துள்ளது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பதை இச்சவ்வே முடிவு செய்கிறது.

சவ்வுப் புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகள் ஆக்சிஜனின் தாக்குதலுக்கு எளிதில் இரையாகக்கூடியவை. துத்தநாகம் அவற்றைப் பற்றிக்கொண்டு காக்கிறது. இரும்பும் செம்பும் சவ்வில் ஒட்டிக் கொழுப்பைச் சிதைக்காதவாறு, அவை அமரக்கூடிய இடங்களைத் தானே பிடித்துக்கொள்கிறது. துத்தநாகம் குறைந்த தீவனம் தரப்பட்ட எலிகளின் சிவப்பணுக்கள், உப்பு குறைந்த நீரில் வழக்கத்தைவிட எளிதில் வெடித்ததை ஆய்வாளர்கள் கண்டனர். பெட்ஜர், ஓடெல் ஆகிய இருவரும் 1981இல் இத்தகைய சான்றுகளைத் தொகுத்து, உயிரணுச் சவ்வே துத்தநாகத்தின் முக்கியமான பணியிடங்களில் ஒன்று என வாதிட்டனர்.

குடலின் உட்சுவரில் அடுத்தடுத்த உயிரணுக்களை இறுக்கிப் பிணைக்கும் புரதங்களும் உள்ளன. துத்தநாகம் குறைந்தால் அந்தப் பிணைப்பு தளர்கிறது. நீர் குடலுக்குள் கசிகிறது. கிருமிகளின் நச்சுகள் உடலுக்குள் நுழைகின்றன. வயிற்றுப்போக்கிலோ துத்தநாகம் மலத்துடன் வெளியேறுகிறது. அதனால் சவ்வு மேலும் நலிகிறது. நலிந்த குடலை அடுத்த தொற்று எளிதில் தாக்குகிறது. வேண்டியபோது எடுத்துக்கொள்ள, துத்தநாகத்துக்கென்று தனிக் கிடங்கு எதுவும் நம் உடலில் இல்லை. மூன்றாம் நாள் நோய் நின்றாலும் இழப்பு ஈடாகியிருப்பதில்லை. மீதி நாள்களின் மாத்திரை அந்த இழப்பை நிரப்பவே. முழுமையாகக் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் வயிற்றுப்போக்கு திரும்ப வரும் வாய்ப்பும் குறையும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் இம்மாத்திரையைப் பரிந்துரைத்தன.

ஓர் இந்திய மருத்துவரின் கண்டுபிடிப்பு

மனிதருக்கும் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதை உணர்த்தியவர் பீகாரின் பக்சாரில் 1928இல் பிறந்த ஆனந்த பிரசாத். 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் அவர் கண்ட 21 வயது இளைஞர், பத்து வயதுச் சிறுவனைப் போலிருந்தார். ரொட்டியே அவருடைய முதன்மை உணவு; மண் தின்னும் பழக்கமும் இருந்தது. தானியத்தின் ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுத்திருந்தது.

நம் வயலும் நம் தட்டும்

இக்குறைபாடு நம் உழவர்களுக்குப் புதியதன்று. நெல் வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுவதை அவர்கள் அறிவார்கள். தட்டிலும் அதே கவனம் வேண்டும். சேலத்தின் ஜவ்வரிசிக் கஞ்சி நோயாளியின் வயிற்றுக்கு இதமானது. ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்தே. துத்தநாகம் அதில் மிகச் சொற்பம். வயிற்றுப்போக்கின்போதும் பிறகும் கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலைத் தொடருங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு மசித்த பருப்பும் முட்டையும் கொடுங்கள். நாமக்கல் முட்டை ஒன்றில் அரை மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலான துத்தநாகம் உண்டு. ஆட்டிறைச்சி, கொண்டைக்கடலை, எள், நிலக்கடலை ஆகியவற்றிலும் உள்ளது. பயறுகளை முளைகட்டுவதும் மாவைப் புளிக்க வைப்பதும் ஃபைட்டேட்டைக் குறைக்கும்.

கொடுக்கும் முறை

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். அதற்குக் கீழ் 10 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி தாய்ப்பாலிலோ காய்ச்சி ஆறிய நீரிலோ கரைத்துக் கொடுங்கள். அரை மணிக்குள் வாந்தியெடுத்தால் ஒருமுறை மீண்டும் கொடுக்கலாம். இரும்புச்சத்து மருந்து தருபவர்கள் இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விடுங்கள். கரைசலுக்கு மாத்திரை மாற்றன்று, இரண்டும் வேண்டும்.

மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண்கள், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பெரியவர்கள் தாமாகவே துத்தநாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்வதை நாங்கள் ஏற்பதில்லை. மிகுதியான துத்தநாகம் உடலில் செம்பைக் குறைத்து இரத்தசோகையை உண்டாக்கும். குழந்தைக்கு எழுதித் தந்த 14 நாள் மாத்திரையை மட்டும், நோய் நின்றாலும், முழுவதும் கொடுத்து முடியுங்கள்.