ஓர் ஆணியும் ஒரு விளையாட்டுப் பெட்டியும்

கண்டிக்கு அண்மையில், உடுநுவரைப் பகுதியிலுள்ள எம்பக்கை தேவாலயத்துக்குச் செல்வோர் பலர், தூண்களின் சித்திர வேலைப்பாட்டை வியந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், கதிர்காமத் தெய்வத்துக்கென எழுந்த அவ்வாலயத்தின் கூரையையும் சற்று அண்ணாந்து நோக்குதல் வேண்டும். 26 கைமரங்கள் அங்கே ஒரு முனையில் வந்து கூடுகின்றன. அவை அனைத்தையும் ஒரே மர ஆணி பிணைத்து நிற்கிறது. 'மடோல் குருபாவ' என்பது அதன் பெயர். சென்ற விடுமுறையில் எங்கள் இல்லத்தில் எழுந்த ஒரு சிக்கலைத் தீர்த்துவைத்தது அந்த ஆணியே என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும்.

என் புதல்வர் இருவரும் பழைய கணினி ஒன்றைக் கொண்டு ஆளுயர விளையாட்டுப் பெட்டியொன்றைச் செய்து முடித்தனர். 1978இல் யப்பானியரான தொமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் வந்த 'பக்-மான்' முதலிய ஆட்டங்கள் இத்தகைய பெட்டிகளிலேயே உலகப் புகழ் பெற்றன. அன்று என் தமக்கையின் மகனும் வந்திருந்தான். கால்கள் வலுவற்ற அச்சிறுவன் சக்கர நாற்காலியில் இருப்பவன். கைப்பிடியும் பொத்தான்களும் பொருத்திய பலகையோ அவனுடைய நெற்றிக்கு நேரே நின்றது. மற்றவர்கள் ஆட, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா இருக்கு மாமா" என்றான். அச்சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

பெட்டியைத் தாழ்த்தினால் நின்று ஆடுவோர்க்கு ஆகாது. பலகையைக் கழற்றி அவன் மடியில் வைத்தால் என்ன? இங்கேதான் கம்பிகள் குறுக்கிட்டன. ஒரு கைப்பிடியின் அடியில் நான்கு திசைக்கும் நான்கு சிறு ஆளிகள் உள. ஆறு பொத்தான்களுக்கு ஆறு. ஆட்டத்தைத் தொடங்கவும் காசு போட்டதாகக் காட்டவும் இரண்டு. ஆக, ஒருவருக்கே 12 ஆளிகள். ஒவ்வொரு முறையும் இத்தனை கம்பிகளையும் கழற்றிப் பூட்டுவது யாரால் இயலும்? யப்பானில் 1985இல் 'ஜம்மா' என்னும் பொது முறை வகுக்கப்பட்டு, பெட்டியின் கம்பிகள் யாவும் 56 தொடுமுனைகள் கொண்ட ஒரே இணைப்பியில் அடக்கப்பட்டன.

நமக்கு வழி இன்னும் எளிது. ஆளிகளின் நிலையைக் கணினிக்கு எடுத்துரைக்கும் சிறு மின்சுற்றைப் பெட்டிக்குள் வைக்காது, பலகையின் அடியிலேயே வைத்துவிட்டோம். அப்பொழுது வெளியே வருவது ஒரே யூ.எஸ்.பி. வடம், அதன் நீளம் 5 மீற்றரைத் தாண்டாதிருத்தல் நலம். அதிற் செல்லும் மின்னழுத்தமும் 5 வோல்ற்றே. வீட்டு மின்சாரம் பெட்டியை விட்டு வெளிவருவதில்லை. ஆதலால் மடியில் வைப்பதற்கு அஞ்சவேண்டியதில்லை.

ஒரே பலகையாயிருந்ததை இரண்டாக்கினோம். ஒவ்வொன்றும் 35 சென்ரிமீற்றர் அகலம். மேற்புறம் 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. பொத்தான்களுக்கு 30 மில்லிமீற்றர்த் துளைகள். மடியில் வழுக்காதிருக்க அடியில் இறப்பர்த் தகடு ஒட்டினோம்.

பெட்டியோடு பொருத்துவது எப்படி? 45 பாகை சரிவாக அறுத்த இரு சட்டங்களில் ஒன்றைப் பெட்டியிலும் மற்றதைப் பலகையிலும் அறைந்தோம். ஒன்றின்மேல் ஒன்று கொளுவி நின்றதும் பலகையின் பாரமே அதனை இறுக்கிற்று. ஆயினும், ஆட்ட வேகத்தில் கைப்பிடியை இழுத்தபொழுது பலகை மேலெழும்பிற்று. அப்பொழுதுதான் எம்பக்கை ஆணி நினைவுக்கு வந்தது. இரு சட்டங்களையும் ஊடுருவித் துளையிட்டு, பலா மரத்தில் ஓர் ஆணி சீவிச் செருகினோம். அசைவு நின்றது. ஆணியை உருவி, பலகையைச் சற்றே உயர்த்தினால் கையோடு வந்துவிடும்.

அடுத்த ஞாயிறு மருமகன் வந்தான். மூத்தவன் ஆணியை உருவிப் பலகையை அவன் மடியில் வைத்துவிட்டு, தான் பெட்டியருகே நின்று ஆடினான். மூன்றாம் ஆட்டத்தில் மருமகனே வென்றான். இம்முறை அவன் "நல்லா இருக்கு" என்று சொல்லவில்லை; "இன்னொரு முறை விளையாடுவம், அண்ணா!" என்று கூவினான்.