கூரை மேலே ஒரு சுரங்கத் தொழிலாளி

கம்பெனி போய்விட்டது. ஒழுகும் கூரையும் விரிசல் சுவரும் நிரம்பும் தொட்டியும் இப்போது வீட்டுக்காரர் பாடு.

ஆடி பிறந்துவிட்டால் கோலார் தங்கவயலில் ஏணிக்குக் கிராக்கி. ஒரு லைனுக்கு ஏணி இரண்டோ மூன்றோதான் தேறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வீடு வீடாகக் கைமாறும். கீழே ஒருவர் நின்று வெளிச்சம் ஒழுகும் இடத்தைக் கம்பால் தட்டிக் காட்ட, மேலே ஒருவர் சாக்குத் துணியும் சிமென்டும் வைத்து அடைப்பார். மேலே இருப்பவர் அறுபதைத் தாண்டியவர் என்றால் அவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளியாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. வாழ்நாளின் பாதியைத் தலைக்கு மேலே பாறையைப் பார்த்துக்கொண்டே கழித்தவர் அவர். இப்போது சொந்தக் கூரையில் கால் வைக்கத் தயங்குகிறார். தயக்கம் நியாயமானது. மைன்ஸில் தலைக்கு மேலே இருந்தது கருங்கல். இங்கே காலடியில் இருப்பது சில மில்லிமீட்டர் கனமுள்ள ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

இந்தக் கூரை வேலை அவர் கேட்டு வாங்கியதல்ல. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே வந்த காலம் முதல், வட ஆற்காடு, சித்தூர் பகுதிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்த தொழிலாளர்களுக்கு வீடு என்பது கம்பெனி கொடுத்தது. முதலில் மூங்கில் தட்டி கட்டிய குடிசைகள். 'தட்டி வீடு' என்ற பெயர் அதனால் வந்தது. பிறகு வரிசை வரிசையாக லைன் வீடுகள். ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசுக்குப் போனது, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. முதலாளி மாறினாலும் வீட்டுச் சங்கதி மாறவில்லை. தண்ணீர், மின்சாரம், துப்புரவு எல்லாம் கம்பெனி பொறுப்பு. ரிப்பேர் என்றால் ஆபீசில் எழுதி வைப்பார்கள். ஆள் வர நாள் ஆகும், வசை பாடுவார்கள். ஆனால் வசை பாட ஓர் ஆபீஸ் இருந்தது.

2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. அன்றோடு ஆபீஸும் போனது. வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித்தர வேண்டும் என்று தொழிலாளர்கள் விடாமல் கேட்டுவந்த காலத்திலும் மழை காத்திருக்கவில்லை. பட்டா யார் பெயரில் இருந்தால் என்ன, ஒழுகுவது பாயின் மேல்தான். திருப்புளியும் கரணையும் வாங்கித்தான் ஆகவேண்டும்.

கூரையில் தொடங்குவோம். முதல் தவறு பெரும்பாலும் ஆணியில்தான் நடக்கிறது. அலை அலையாக இருக்கும் ஷீட்டில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. பள்ளத்தில் அடித்தால் ஷீட் சட்டத்தின் மேல் நன்றாகப் பொருந்தி உட்காரும். பார்க்க அதுதான் உறுதியாகத் தெரியும். ஆனால் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். ஓட்டை போட்ட இடத்திலேயே வீட்டுக்குள் குழாய் திறந்தாற்போலாகும். துளை மேட்டில்தான் விழவேண்டும். ஜே போல்ட்டைக் குறுக்குச் சட்டத்தில் மாட்டி, மேலே தார் வாஷரும் அதன்மேல் இரும்பு வாஷரும் போட்டு, நட்டை ஓரளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும். வெயிலில் ஷீட் சற்று விரியும், இரவில் சுருங்கும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மறுநாளே நட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடும். மேலே ஏறுபவர் ஷீட்டின் நடுவே மிதிக்காமல், இரண்டு சட்டங்களுக்கு மேலாகப் பலகை போட்டு அதன்மேல் நகர வேண்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், அந்தத் துளையை எப்படிப் போடுவது என்பது. ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பல நாடுகள் அதைத் தடைசெய்துவிட்டன. இந்தியாவில் ஷீட் இன்னும் கடையில் கிடைக்கிறது. சும்மா கிடக்கும் முழு ஷீட்டால் பெரிய ஆபத்தில்லை. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் நார்த்தூள்தான் ஆபத்து. வாடகைக்குக் கட்டிங் மெஷின் எடுத்து வந்து பத்து நிமிடத்தில் வேலையை முடிப்பவர் அந்தத் தூளை வீடு முழுக்கத் தூவுகிறார், பொதுச்சுவருக்கு அப்பால் இருப்பவருக்கும் சேர்த்து. ஷீட்டைத் தண்ணீர் விட்டு நனைத்து, கையால் சுற்றும் துளைக்கருவியால் மெதுவாகப் போடுவதே தேவலை. விழும் தூளை ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி ஒதுக்க வேண்டும்; துடைப்பத்தால் பெருக்கக் கூடாது.

தங்கவயல்காரருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறைத் தூள் நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் பல வீடுகளில் அப்பாவையோ தாத்தாவையோ கொண்டுபோன நோய். தூள் அடங்கத் தண்ணீர் விட்டபடியே டிரில் போடுவது சுரங்க விதி. கீழே கட்டாயமாக இருந்த விதி மேலே ஞாயிற்றுக்கிழமை வேலையில் மறந்துபோகிறது. மூச்சு விடத் திணறும் ஒருவர் வீட்டில் இருக்கும்போதே அவர் மகன் உலர்ந்த ஷீட்டை அறுப்பது அறியாமையால் அல்ல, அவசரத்தால்.

தூளுக்கு இங்கே வேறு பஞ்சமும் இல்லை. ஊரைச் சுற்றிலும் சாம்பல் குன்றுகளாக நிற்கின்றன சயனைடு மண் மேடுகள். பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மிச்சம். இப்படி 13 மேடுகளில் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண் கிடக்கிறது. அதில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. வீட்டுக்காரரின் கணக்கு வேறு. ஆடிக் காற்றில் அம்மி நகர்கிறதோ இல்லையோ, மேடு நகர்ந்து வந்து கூரையில் அமர்கிறது. மழைநீர் வடியும் தகரக் கால்வாயில் இந்த மாவு படிந்து, முதல் தூறலில் சேறாகி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பின்னுக்கு ஏறி ஷீட்டின் விளிம்பு வழியாகச் சுவரில் இறங்கும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து இரண்டு மழைக்காலம் ஓட்டை தேடியவர்கள் உண்டு. தேடவேண்டிய இடம் கால்வாய். காற்றுக் காலம் ஓய்ந்ததும், பெரிய மழைக்கு முன், அதை ஈரமாக்கி வழித்தெடுத்தால் பாதி ஒழுகல் நிற்கும்.

சுவருக்கு வருவோம். தங்கவயலில் விரிசலுக்குத் தனி வரலாறு உண்டு. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும் 'ராக் பர்ஸ்ட்', பழையவர்கள் வாயில் 'ஏர் பிளாஸ்ட்', மேலே ஊரையும் குலுக்கும். அலமாரிப் பாத்திரம் சரிந்தால் கீழே யார் ஷிப்டில் இருக்கிறார்கள் என்று பெண்கள் வாசலுக்கு ஓடிய காலம் அது. சுரங்கம் மூடிய பிறகு பம்புகள் நின்று, கைவிட்ட குகைகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியபோதும் நிலம் அதிர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே இங்கே விரிசலைக் கண்டதும் சிமென்ட் குழைப்பவர் அவசரக்காரர். விரிசல் நின்றுவிட்டதா, நகர்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடலாம். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். பொறியாளரைக் கூப்பிட வேண்டும். முழுசாக இருந்தால் அடைக்கலாம். அதையும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த பழைய சுவர் என்றால் சுண்ணாம்பாலேயே அடைப்பது உத்தமம். மெதுவான சுவரில் கடினமான சிமென்ட் ஒட்டாமல் நிற்கும். உள்ளே ஏறிய ஈரத்தையும் வெளியே விடாது. அடுத்த மழைக்குள் பூச்சு அப்பளமாகக் கழன்று விழும்.

மின்சாரத்தைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே மின்சாரம் வந்த ஊர் இது. பெங்களூர்த் தெருக்களுக்கே 1905இல்தான் விளக்கு வந்தது. அந்தப் பெருமை, தகரக் கூரைமேல் தோல் உரிந்த வயர் படுத்துக் கிடப்பதைச் சகித்துக்கொள்ளக் காரணமாகாது. எர்த் கம்பியும், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பிரேக்கரும் வைத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். ஒயரிங் மட்டும் உரிமம் பெற்றவர் வேலை.

உண்மையில் உயிர் போகும் வேலை வீட்டின் பின்புறம் இருக்கிறது. லைன்களில் வெகுகாலம் பொதுக் கக்கூஸ்தான், அதிலும் மனிதர் கையால் அள்ளும் கக்கூஸ். 1993இலேயே அதைத் தடைசெய்யும் சட்டம் வந்தும் தங்கவயலில் அந்த வேலை தொடர்ந்தது பின்னாளில் நாடறிந்த செய்தியாயிற்று. அள்ளியவர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. சுரங்கத்தில் இறங்கிய அதே தலித் குடும்பங்களின் உறவினர்கள். எனவே சொந்தமாக ஒரு கக்கூஸ் கட்டுவது இங்கே வெறும் வசதி அல்ல. கையில் பணம் சேர்ந்ததும் பலரும் முதலில் தோண்டியது அந்தக் குழியைத்தான்.

தோண்டுவது லேசல்ல. கடப்பாரை தெறிக்கும் பாறை. பாறைக்கு வெடி வைத்தே பழகிய கைகள் கொல்லைப்புறத்தில் வெடி வைக்க முடியாது. தங்கவயலின் மிகப் பழைய குழிகளை வெட்டியவர்கள் தீமூட்டிப் பாறையைச் சூடாக்கிப் பிளந்தார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். லைன் வீட்டு நெருக்கத்தில் அதுவும் நடவாது. துளை போட்டு ஆப்பு இறக்கிப் பிளப்பதுதான் வழி. இத்தனை பாடுபட்டுத் தோண்டுவதால், ஒரே குழியாகப் பெரிதாகத் தோண்டிச் சுற்றிலும் பூசிவிட ஆசை வரும். அதுதான் தவறு. பூசிய பெரிய தொட்டி ஒருநாள் நிரம்பும். நிரம்பினால் யாரோ ஒருவர் திறக்க வேண்டும். அருகருகே, சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில், பூசாத சுவருள்ள இரண்டு சிறிய குழிகள் போட்டால் தண்ணீர் மண்ணில் இறங்கும். ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு முதல் குழியை இரண்டு ஆண்டு மூடி வைத்தால், எடுக்கும்போது நாற்றமற்ற எருவாக இருக்கும். கிணறோ ஆழ்குழாயோ பத்து மீட்டருக்குள் இருக்கக் கூடாது. பாறையே அடியில் கிடந்து தண்ணீர் இறங்காத இடத்தில் இந்த ஏற்பாடு பலிக்காது. அங்கே வெளிவழியும் வடிகுழியும் கொண்ட முறையான செப்டிக் டேங்க்தான், எந்திரம் வைத்து உறிஞ்சி எடுப்பதுதான்.

எதுவானாலும் உள்ளே இறங்கக் கூடாது. இங்கேதான் சுரங்க அனுபவம் ஏமாற்றுகிறது. காற்றில்லாத இடத்தில் விளக்கை முன்னே நீட்டி, சுடர் அணைகிறதா என்று பார்ப்பது பழைய பழக்கம். செப்டிக் டேங்க்கில் அது இரண்டு விதத்தில் கொல்லும். உள்ளே மீத்தேன் இருந்தால் சுடர் பற்றி வெடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் சுடர் அணையாமலே எரியும். ஆனால் இறங்கியவர் விழுவார். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால்தான் ஆபத்து என்பதும் தப்பு. அளவு கூடினால் அந்த வாயு மூக்கையே மரக்கச் செய்துவிடும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தவரும் அதற்கடுத்தவரும் சாவது இப்படித்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. தொட்டியில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. வீட்டுக்காரர் கூலிக்கு ஆள் வைத்து இறக்கினாலும் சட்டம் அவரைத் தொடும்.

முற்றத்துக்கு நல்ல காலம் இனிமேல்தான். ஐரோப்பிய அதிகாரிகளின் பங்களாக்களில் தோட்டக்காரர் வெட்டிய வேலிச் செடிகள் வரிசையாக நின்றன. லைனில் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றால் தோட்டம். வேலிக்குக் கோலார்ப் பக்கத்துக் கருங்கல் பலகைகளை நட்டுவிட்டால் கரையானும் இல்லை, துருவும் இல்லை. ஒரு தலைமுறைக்குக் கவலை விட்டது. செடிக்குத்தான் பாடு. மேட்டு மண் படிந்த தரையில் தண்ணீர் ஊற்றினால் மேலே தோல் போல இறுகும். அதோடு மல்லுக்கட்டாமல், கல் அடுக்கி ஒரு முழம் உயரத்துக்கு ஏரி வண்டலும் சாணி எருவும் கொட்டிப் பாத்தி கட்டுவது சுலபம். மண்ணில் சயனைடு இருக்குமே என்று பயப்படுகிறவர்களுக்கு: வெயிலிலும் காற்றிலும் சயனைடு காலப்போக்கில் சிதைந்துவிடும், கன உலோகங்களும் நுண்தூளும் சிதையாது. கீரையை இரண்டு தண்ணீரில் அலசுவது வீண் வேலையல்ல.

முருங்கையைக் கூரைக்கு மேல் வளரவிடக் கூடாது. ஆடிக் காற்றில் முதலில் முறிவது அதன் கிளை, அது விழுவது ஷீட்டின் மேல். ஆனி கழிவதற்குள் வெட்டிவிட வேண்டும். அதற்கும் அந்த ஏணிதான் வேண்டும். ஞாயிறு இருட்டுவதற்குள் வாங்கியாக வேண்டும். திங்கள் விடிவதற்கு முன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் கிளம்பிவிடும். ஏணி பிடிக்க வேண்டிய மகன் அதில் போய்விடுவான்.