தேநீர்க் கிண்ணத்தை எப்படிப் பார்ப்பது

தருமபுரி மாவட்டம் மோதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2004-05இல் அகழாய்வு செய்தது. புதிய கற்காலத்திலும் இரும்புக் காலத்திலும் மக்கள் வாழ்ந்த ஊர் அது. இரும்புக் காலத்துக்குரிய கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் அங்கே கிடைத்தன. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, வாயை ஒட்டி வெளியிலும் ஒரு கறுப்புப் பட்டை. இந்த வகைக் கிண்ணங்களும் தட்டுகளும் தமிழ்நாடெங்கும் ஈமச்சின்னங்களில் கிடைப்பவைதான். இருந்தாலும் அவற்றை நிதானமாகப் பார்ப்பவர் குறைவு. ஜப்பானியரின் தேநீர்க் கிண்ணத்தைப் பற்றி எழுதும்போது இந்த ஓட்டிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் வரலாற்று உறவு எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் ஆக்கியவை மண்ணில் இருக்கும் இரும்பும் சூளைக்குள் நுழையும் காற்றும்தான்.

களிமண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. சூளையில் காற்று தாராளமாக ஓடினால் அந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். காற்று அடைபட்டுப் புகை சூழ்ந்தால் அதே மண் கறுக்கும், கரியும் அதன் நுண்துளைகளில் படியும். கறுப்பு-சிவப்புப் பாண்டத்தை எப்படிச் சுட்டார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் வாய் தவிடு, வைக்கோல் போன்றவற்றில் புதையும்படி வைத்துச் சுட்டார்கள். உள்ளே காற்றுப் போகவில்லை, கறுத்தது. வெளியே காற்றுப் பட்டது, சிவந்தது. சுடுவதற்கு முன்பே கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியதால் மேற்பூச்சு இல்லாமலே பளபளப்பு வந்தது. எந்த இடத்தில் கறுப்பு முடிந்து சிவப்பு தொடங்க வேண்டும் என்பதைக் குயவர் ஓரளவுதான் தீர்மானிக்க முடியும். மிச்சத்தைத் தீ தீர்மானிக்கும். அதனால்தான் அந்தக் கோடு எந்தக் கிண்ணத்திலும் நேராக இருப்பதில்லை.

இப்போது கியோட்டோவுக்குப் போவோம். தேயிலையைப் பொடியாக்கி வெந்நீரில் கலந்து குடிக்கும் வழக்கத்தைச் சீனத்திலிருந்து 1191இல் திரும்பிய எய்சாய் என்ற துறவி ஜப்பானில் பரப்பினார். தொடக்கத்தில் உயர்வாக மதிக்கப்பட்டவை சீனக் கிண்ணங்கள். இரும்பு மிகுந்த கருமேற்பூச்சு, சீரான வடிவம், கண்ணைப் பறிக்கும் மினுக்கம். தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூ (1522-1591) இந்த ரசனையைத் திருப்பிப் போட்டார். சின்ன அறை, மங்கிய வெளிச்சம், சில விருந்தினர். அந்த அறைக்கு ஏற்ற கிண்ணத்தை அவருக்குச் செய்து கொடுத்தவர் சோஜிரோ என்ற குயவர். ராகு என்ற குடும்பப் பெயரில் அந்த மரபு கியோட்டோவில் இன்றும் தொடர்கிறது. இப்போது பதினாறாம் தலைமுறை.

ராகு கிண்ணம் சக்கரத்தில் வனையப்படுவதில்லை. மண்ணைத் தட்டையாக்கி, விளிம்பைக் கைகளால் மெல்ல மேலே எழுப்பி, சற்றுக் காய்ந்த பிறகு கத்தியால் உள்ளும் புறமும் செதுக்குகிறார்கள். சக்கரம் தரும் வட்ட வரிகள் இதில் இல்லை. இரண்டு கை சேர்த்து ஏந்தும்போது உள்ளங்கைக்குள் உண்டாகும் குழிவுதான் அதன் வடிவம். கறுப்பு ராகுவுக்குக் காமோ ஆற்றுக் கல்லைப் பொடித்து மேற்பூச்சாகப் பூசுவார்கள். அந்தக் கல்லிலும் இரும்பு உண்டு. கரி நிரப்பிய சிறு உலையில் துருத்தியால் காற்றடித்து, பூச்சு உருகும் நொடியில், தகதகவென்று எரியும் கிண்ணத்தை இடுக்கியால் பிடித்து வெளியே எடுப்பார்கள். சட்டென்று ஆறுவதால் கறுப்பு நிலைக்கிறது. உலையிலேயே மெதுவாக ஆறவிட்டால் இப்படிப்பட்ட இரும்புப் பூச்சு பழுப்பாகிவிடும். பல கிண்ணங்களில் இடுக்கியின் தடம் அப்படியே இருக்கும். அதை மறைக்க யாரும் முயல்வதில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அழகு என்று சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் இருப்பதுதான். ராகு மண் முழுதாக இறுகும் அளவுக்குச் சுடப்படுவதில்லை, நுண்துளைகளோடு இருக்கிறது. ஆகவே சூடு மெல்லத்தான் வெளிச்சுவருக்கு வரும். பிடி இல்லாத கிண்ணத்தைக் கை சுடாமல் ஏந்த முடிகிறது. உள்ளடி அகலமாக இருப்பது மூங்கில் கடைகோல் சுழல. அடியில் இருக்கும் சிறு பள்ளம் கடைசி மிடறு தேங்குவதற்கு. விளிம்பு ஏறி இறங்குவது உதட்டுக்கு இடம் தர. கெட்டியான தேநீரை ஒரே கிண்ணத்திலிருந்து விருந்தினர் பலர் வரிசையாகக் குடிப்பார்கள். குளிர்காலத்துக்கு உயர்ந்து ஒடுங்கிய கிண்ணம், சூடு தங்கும். கோடைக்கு அகன்ற தட்டையான கிண்ணம், சீக்கிரம் ஆறும். நம் வீட்டு டபரா அகன்று தட்டையாக இருப்பதற்கும் அதே காரணம்தான்.

கிண்ணத்துக்கு ஒரு முகமும் உண்டு. தேநீர் தருபவர் அந்த முகத்தை விருந்தினர் பக்கம் வைப்பார். விருந்தினர் அதைச் சற்றுத் திருப்பிவிட்டு, முகத்தில் வாய் வைக்காமல் குடிப்பார். குடித்தபின் தலை குனிந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, தரைக்கு மிக அருகில் பிடித்தபடி கிண்ணத்தைப் பார்ப்பார். நழுவினாலும் உடையாத உயரம் அது. கடைசியாகக் கவிழ்த்து அடிவளையத்தைப் பார்ப்பார். பெரும்பாலும் மேற்பூச்சு படாத இடம் அதுதான். என்ன மண், கத்தி எப்படிப் போயிருக்கிறது, செய்தவர் அவசரப்பட்டாரா நிதானமாக இருந்தாரா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். கிண்ணம் பார்க்கத் தெரிந்தவர்கள் அடியைத்தான் முதலில் தேடுகிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

ஜப்பானில் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட தேநீர்க் கிண்ணங்கள் 8. அவற்றில் ஜப்பானில் செய்தவை 2 மட்டுமே. 5 சீனத்தவை, 1 கொரியாவினுடையது. அந்தக் கொரியக் கிண்ணத்தின் பெயர் கிசாயெமோன் இடோ, 16ஆம் நூற்றாண்டு. வாய் ஏறக்குறைய 15 செ.மீ. அகலம். நிறம் காய்ந்த பழத்தோல் போன்ற மஞ்சள் கலந்த பழுப்பு. அடிவளையத்தைச் சுற்றி மேற்பூச்சு சுருண்டு மணிமணியாகத் திரண்டிருக்கிறது. சாதாரணச் சூளையில் குறையென்று ஒதுக்கப்படும் இந்தத் திரட்சிதான் அங்கே பெரிதும் போற்றப்படுகிறது. 1931இல் அதைக் கையில் எடுத்துப் பார்த்த ஜப்பானியக் கலைச் சிந்தனையாளர் யானகி சொயெத்சு, ஏழை வீட்டுச் சோற்றுக் கிண்ணமாக, அழகைப் பற்றிய எண்ணமே இல்லாமல் செய்யப்பட்டது என்று எழுதினார். சடங்குக் கலமாக இருந்திருக்கலாம் என்று மறுப்பவர்களும் உண்டு. யானகி குயவரைச் சற்று வெகுளியாக்கிவிட்டார் என்றே நானும் நினைக்கிறேன். நாளெல்லாம் வனைபவருக்குத் தன் கை செய்வது நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமல் போகாது.

கொரியக் கிண்ணத்தின் மேல் இருந்த அந்த மோகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1592-98இல் கொரியாமீது நடத்திய படையெடுப்புகளின்போது கொரியக் குயவர்கள் பலர் கப்பலேற்றி ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஹாகி, சத்சுமா போன்ற புகழ்பெற்ற சூளைகள் அவர்கள் கையால் வளர்ந்தவை. ஒரு ஹாகி கிண்ணத்தின் மென்மையைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இப்படிப்பட்ட கிண்ணங்களை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டுமே பார்க்க முடியும் என்பதில்லை. ஜப்பானின் பிசென் ஊரில் மண்பாண்டக் கலை பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். பிசென் பாண்டத்துக்கு மேற்பூச்சே கிடையாது. பல நாள் எரியும் விறகுத் தீயும் பறந்து படியும் சாம்பலும் வைக்கோல் சுற்றிய தடமும்தான் அதன் வண்ணங்கள். புதுச்சேரிப் பட்டறையில் கற்றவர்கள் இன்று ஆரோவில்லிலும் நாட்டின் பல பகுதிகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் வனைந்த கிண்ணத்தை வாங்கிக் கையில் வைத்துப் பார்க்கலாம்.

வாங்கினால் சில பழக்கங்கள் தேவை. நுண்துளையுள்ள கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் முதலில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். இல்லையென்றால் உலர்ந்த சுவர் தேநீரை உறிஞ்சிக்கொள்ளும். சோப்பு கூடாது, அதன் வாசனை மண்ணில் தங்கிவிடும். கழுவியபின் துடைத்து, நிழலில் பல நாள் நன்றாக உலரவிட்டுப் பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஹாகி கிண்ணமானால் மேற்பூச்சின் மயிரிழை வெடிப்புகளில் தேநீர் இறங்கி, ஆண்டுகள் போகப்போக நிறம் மாறிக்கொண்டே வரும். அதைக் கறை என்று நினைத்துத் தேய்த்துப் போக்க முயல வேண்டாம்.