ஒரு மெயிலை ஃபார்வர்ட் செய்யாததால் 14.7 கோடி பேரின் தகவல் திருடுபோனதா? ஈக்விஃபேக்ஸில் நடந்தது என்ன?

2017 அக்டோபர் 2. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம், ஐ.டி. பிரிவின் மூத்த அதிகாரி ஒருவரை வேலையை விட்டு நீக்கியது. ஒரு மெயிலை ஃபார்வர்ட் செய்யவில்லை என்பதுதான் காரணம். மறுநாள் நாடாளுமன்றக் குழு முன்பு ஆஜரான முன்னாள் சி.இ.ஓ. ரிச்சர்ட் ஸ்மித், தகவல் திருட்டுக்குத் தனிநபர் ஒருவரின் தவறும், ஸ்கேனர் ஓட்டையைக் கண்டுபிடிக்காததும்தான் காரணம் என்றார்.

கேட்க லாஜிக்காகத்தான் இருக்கிறது. ஆனால், விஷயம் அவ்வளவுதானா?

ஈக்விஃபேக்ஸ் ஒரு கிரெடிட் பியூரோ, நம்ம ஊர் சிபில் மாதிரி. அங்கிருந்து சுமார் 14.7 கோடி பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் போன்றவை களவு போயின. அமெரிக்க மக்கள்தொகையில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

திருடர்கள் நுழைந்த வழி ரகசியமானது இல்லை. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பது மார்ச் மாதம் 7-ம் தேதியே வெளியில் தெரிந்துவிட்டது. அடைப்பதற்கான பேட்ச்சும் கிடைத்தது. மார்ச் 9-ம் தேதி, 400-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு, '48 மணி நேரத்துக்குள் சரிசெய்யவும்' என்று மெயில் போனது. வாடிக்கையாளர் புகார்களுக்கான பழைய சிஸ்டத்தில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. மே 13 முதல் 76 நாட்கள் ஹேக்கர்கள் உள்ளேயே இருந்தார்கள்.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது? அந்த சிஸ்டத்தின் டிராஃபிக்கைக் கண்காணிக்கும் கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதங்கள் ஆகியிருந்தன. கேமரா மாட்டிவிட்டு ஸ்விட்ச் போடாத கதைதான். ஜூலை 29-ம் தேதி சான்றிதழைப் புதுப்பித்த உடனேயே சந்தேகத்துக்குரிய நடமாட்டம் தெரிந்துவிட்டது!

இப்போது தலைமைக்கு வருவோம். 2018 டிசம்பரில் வெளியான நாடாளுமன்றக் குழு அறிக்கை, இது முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடிய சம்பவம் என்றது. அதில் கவனிக்க வேண்டியது டெக்னிக்கல் பகுதி அல்ல, ஆபீஸ் பாலிடிக்ஸ்.

2005 வாக்கில் அப்போதைய ஐ.டி. தலைவருக்கும் பாதுகாப்புத் தலைவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் பாதுகாப்புப் பிரிவைச் சட்டத் துறைத் தலைவரின் கீழ் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த இருவருமே பிறகு போய்விட்டார்கள், ஏற்பாடு மட்டும் அப்படியே இருந்தது. ஓட்டையைக் கண்டுபிடிப்பது ஒரு துறை, அடைப்பது இன்னொரு துறை. அடைத்தாச்சா என்று கேட்க ஆளில்லை. பாதுகாப்புத் தலைவர் மூத்த நிர்வாகக் குழுவிலேயே இல்லை. சி.இ.ஓ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்திய கூட்டத்தில் பாதுகாப்பும் பல விஷயங்களில் ஒன்று, அவ்வளவே.

இந்த அமைப்பை மாற்றும் அதிகாரம் எந்த இன்ஜினீயருக்கும் கிடையாது, சி.இ.ஓ.வுக்கும் போர்டுக்கும்தான் உண்டு. மெயிலை ஃபார்வர்ட் செய்யச் சொல்லி, நீக்கப்பட்ட அதிகாரிக்கு யாரும் உத்தரவிடவில்லை என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது. ஸ்மித் செப்டம்பரிலேயே பதவி விலகியிருந்தாலும், பழியை மட்டும் கீழே தள்ளிவிட்டுப் போனார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இந்தியாவிலும் இது வெறும் ஐ.டி. டீம் பிரச்சினை இல்லை. சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று செர்ட்-இன் 2022-ல் உத்தரவிட்டது. தகவல்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஈக்விஃபேக்ஸ் 2019-ல் குறைந்தது 57.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. அதற்கு முன்பே, 2018-ல் புதிய பாதுகாப்புத் தலைவரை நியமித்தபோது, அவர் நேரடியாக சி.இ.ஓ.விடம் ரிப்போர்ட் செய்யும்படி மாற்றிவிட்டார்கள். போனஸ் கணக்கிலும் சைபர் பாதுகாப்பு சேர்ந்துகொண்டது.