செய்தி பரவும் கணக்கு

"நாளை விடுமுறையாம்!" என்று ஒருத்தி பக்கத்துத் தோழியின் காதில் சொன்னால் போதும், மணியடிப்பதற்குள் பள்ளி முழுவதும் அறிந்துவிடும் என்று நினைக்கிறோம். கணிதம் அப்படிச் சொல்லவில்லை.

1964-65 ஆண்டுகளில் டேலி, கெண்டல் என்னும் இரு அறிஞர்கள் வதந்தி பரவுவதைக் கணக்கிட்டார்கள். அதில் மக்கள் மூன்று வகை: செய்தி அறியாதோர், பரப்புவோர், சொல்லி ஓய்ந்தோர். பரப்புகிறவள் ஏற்கெனவே தெரிந்த ஒருத்தியிடம் போய்ச் சொன்னால், "இது பழைய சேதி" என்று உற்சாகம் குன்றி ஓய்ந்துவிடுகிறாள். தெரிந்தவர்கள் பெருகப் பெருக, ஓய்கிறவர்களும் பெருகுகிறார்கள். யாரும் யாரையும் சந்திக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், முடிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேருக்குச் செய்தி எட்டுவதே இல்லை!

விடுமுறைச் செய்தியானால் சிரித்துவிட்டுப் போகலாம். கடல் பொங்கும் செய்தியானால்?

2004 டிசம்பர் 26 காலை சுமார் 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. (இலங்கை மறைத்து நின்றதால் நம் தூத்துக்குடியில் சேதம் குறைவு.) அவ்வளவு நேரம் இருந்தும் நாகப்பட்டினக் கரைக்கு எச்சரிக்கை வரவில்லை; அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர்.

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு தப்பியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் கூறினார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்த தகவல் மையத்தில், மீனவருக்கு வானிலை அறிவிக்கும் ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்தார்கள். சுமார் 3,600 மக்கள் உயிர் பிழைத்தனர்.

மீன்வலையைப் பாருங்கள். ஒவ்வொரு முடிச்சும் அடுத்த முடிச்சையே தொடும். ஓரத்திலிருந்து மறு ஓரம் போக நூறு முடிச்சுகளைத் தாண்ட வேண்டும். நடுவே சில நீண்ட நூல்களைக் குறுக்கே கட்டினால் தூரம் சட்டெனச் சுருங்கும். 1998-இல் வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் இருவரும் கணக்கில் காட்டியது இதைத்தான். சிங்கப்பூர்த் தொலைபேசி அத்தகைய குறுக்கு நூல். ஒலிபெருக்கியோ சொல்லி ஓயாத வாய். விடுபடும் அந்த 20 பேரையும் எட்டியது அதுவே.

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆகவே நீண்ட நூல் இப்போது இருக்கிறது. கடைசி முடிச்சு கடற்கரைத் தெருவில் உள்ளது. நம் முத்துக்குளித்துறை ஊர்களில் கோயில் மணி இருக்கிறது; ஆனால் மணி "ஏதோ" என்று சொல்லுமேயன்றி "என்ன" என்று சொல்லாது. ஆகையால் இன்ன முறை அடித்தால் இன்ன பொருள் என்று ஊரார் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். எந்தத் தெருவில் மணியோசை கேட்பதில்லை என்று கணக்கெடுக்க நம் மாணவிகளாலேயே முடியும்.