ஜன நெருக்கத்தின் மேல் ஆளில்லா விமானம்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டியுள்ள ஆரியசாலை, கடைகளும் கிடங்குகளும் வீடுகளும் நெருங்கிய பகுதியாகும். இத்தகைய இடத்தில் கூரைகளையும் மழைநீர் வடிகால்களையும் மேலிருந்து படம் பிடித்து அளவிட, ‘ட்ரோன்’ எனப்படும் ஆளில்லா விமானம் பெரிதும் உதவும். ஆயினும் திறந்த வயல்வெளியில் தடையின்றிப் பறக்கும் அதே இயந்திரம், இங்கே பறப்பதற்கு முன் அநுமதி பெற வேண்டியிருக்கிறது. இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கினால் அறியலாம்.

2 கிலோ எடையுள்ள விமானம் ஒன்று 60 மீட்டர் உயரத்தில் திடீரெனச் செயலற்றுப் போவதாகக் கொள்வோம். காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், சுமார் மூன்றரை விநாடியில் அது தரையை எட்டும். அப்போது அதன் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். விநாடிக்கு 10 மீட்டர் வீதம் அது முன்னேறிக்கொண்டிருந்தால், ஏறக்குறைய 35 மீட்டர் அப்பால் சென்று விழும். வயலில் விழுந்தால் இயந்திரம் மட்டுமே நஷ்டம். கடைத்தெருவில் விழுந்தால் உயிர்ச்சேதமே நேரலாம்.

திருவனந்தபுரத்துக்கு இவ்வுண்மை புதிதன்று. 1963 நவம்பர் 21-ஆம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டபோது, அதன் எதிரே அரபிக்கடல் விரிந்து கிடந்தது. எரிந்து தீர்ந்த பகுதிகள் கடலில் விழுந்தன. ஆரியசாலையிலோ, விழும் பொருளுக்கு ஒதுக்கத் தக்க வெற்றிடம் இல்லை.

2021 ஆகஸ்ட் 25-ஆம் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட ட்ரோன் விதிகள், வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாக வகுத்தன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்க முன் அநுமதி தேவையில்லை. மஞ்சள் மண்டலத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அநுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய சர்க்காரின் அநுமதியும் வேண்டும். விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் உள்ள பகுதி எதுவும் பச்சை மண்டலமாகாது. ஆரியசாலை இத்தூரத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது. மேலும், ராஜ்ய சர்க்கார் ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஆகையால் பறக்கும் நாளன்றே வான்வெளிப் படத்தைப் பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

இயக்குபவரின் பார்வைக்கு எட்டாத தூரம் செல்லும் பயணங்களில் அபாயம் இன்னும் மிகுதி. 2021 செப்டம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு இத்தகைய பரிசோதனைக்கு நிபந்தனைகளுடன் அநுமதி வழங்கப்பட்டது. அக்டோபர் 4-ஆம் தேதி மணிப்பூரில் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்தாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்குத் தடுப்பு மருந்து கொண்டு செல்லப்பட்டது. சாலை வழியே 26 கிலோமீட்டர். வான்வழியே 15 கிலோமீட்டர். பயணம் சுமார் கால் மணி நேரம்.

இவ்வகைப் பயணங்களை ஆராய ஐரோப்பாவில் கையாளப்படும் முறை, நிலத்து அபாயத்தையும் வான் அபாயத்தையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. கீழே எத்தனை பேர் இருக்கக்கூடும்? அதே வெளியில் வேறு விமானம் குறுக்கிடுமா? அபாயம் உயர உயர, இயந்திரத்தின் உறுதிக்கும் இயக்குபவரின் பயிற்சிக்கும் வலுவான சான்றுகள் கேட்கப்படுகின்றன.

களப் பணியாளர்கள் இதை நடைமுறையில் கொள்ளலாம். இயந்திரத்தின் பதிவு எண், இயக்குபவரின் சான்றிதழ், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுள் விதிப்படி தேவையானவற்றை முதலில் சரிபார்க்க வேண்டும். பின்னர், கடைகள் திறவாத அதிகாலையைத் தேர்ந்தெடுத்தல், உயரத்தையும் வேகத்தையும் குறைத்தல், பறக்கும் உயரத்துக்குக் குறையாத தூரத்தைச் சுற்றிலும் ஆளில்லாதிருக்கச் செய்தல் ஆகிய ஏற்பாடுகளை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதலாம். அநுமதி கிடைப்பினும் கிடைக்காவிடினும், கீழே நடப்பவரின் பாதுகாப்பு இவற்றால் மிகும். பள்ளியில் மாணவர்கள் 120 மீட்டர் உயரத்துக்கு மேற்கண்ட கணக்கைச் செய்து பார்த்தால், விழும் நேரம் இரட்டிப்பாகாமல் ஐந்து விநாடிக்குச் சற்றுக் குறைவாகவே வருவதைக் காண்பார்கள்.